வேலிக்கு அப்பால் ஒரு கிணறு

பத்திரிகைத் தொழிலில் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தவன் நான். அக்காலத்தில் 'அனுமதியற்ற கட்டடங்கள்' பற்றிய செய்திகள் எத்தனைக்குத் தலைப்பிட்டிருப்பேன் என்று கணக்கில்லை. ஆசிரிய தலையங்கங்களும் எழுதியிருக்கிறேன். அதிகாரிகள் ஏன் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார்கள் என்ற கேள்வியோடு அவை முடியும். அப்படிப்பட்ட நான், எனது எழுபத்து மூன்றாவது வயதில், வீட்டின் பின்வளவில் எவருடைய அனுமதியும் பெறாமல் ஒரு குழியை வெட்டுவித்தேன். நான்கு அடி ஆழம் சென்றதும் அந்த வேலை நின்றது. அது நின்ற கதையையும், குழி வேறோர் இடத்துக்குப் போன கதையையும் இங்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஊரிலுள்ள பெற்றோருக்கு வீட்டோடு சேர்ந்த குளியலறை கட்டுவதற்காகப் பணம் அனுப்பும் பிள்ளைகள் பலர் இதனை வாசிக்கக்கூடும். அவர்களுக்குப் பயன்படட்டும் என்பதற்காகவே எனது தவறையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

2023 டிசெம்பரில், மாரி மழை விடாது பெய்த ஒரு வாரத்தில், எனது மனைவி கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். சீமெந்துத் தளத்தில் படிந்திருந்த பாசிதான் காரணம். இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. சத்திரசிகிச்சை நன்றாகவே முடிந்தது. வைத்தியர் என்னைத் தனியே அழைத்து, வீட்டில் மலசலகூடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். பின்வளவின் மூலையில், குந்தி இருக்கும் பழைய முறையில் கட்டப்பட்டது என்றேன். அவர் தலையசைத்தார். இனிமேல் குந்துவது முடியாது, படி ஏறி இறங்குவது கூடாது, மழையில் வளவு தாண்டிப் போவதை நினைத்தும் பார்க்க வேண்டாம் என்றார். வீட்டுக்கு வருவதற்குள் படுக்கையறையோடு ஒட்டியதாகக் கொமட் வைத்த குளியலறை ஒன்று இருந்தால் நல்லது என்பது அவருடைய ஆலோசனை.

வலிகாமத்தில் உள்ள எங்கள் வீடு மனைவியின் தந்தையார் கட்டியது. அவருக்குச் சீதனமாக வந்தது. அக்காலத்து வழக்கப்படி கிணறு ஒரு பக்கம், மலசலகூடம் அதற்கு நேர் எதிர் மூலையில். நான் கொழும்பில் வேலை செய்த காலத்தில் விடுமுறைக்கு வரும்போதெல்லாம், இரவில் கைவிளக்கோடு அவ்வளவு தூரம் நடக்க வேண்டியிருக்கிறதே என்று முணுமுணுத்திருக்கிறேன். அந்தத் தூரம் ஏன் வைக்கப்பட்டது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

மேசன் வந்து பார்த்தார். கெட்டிக்காரர். படுக்கையறைக்குப் பக்கத்தில் முன்னர் நெல்லும் வெங்காயமும் வைத்த களஞ்சிய அறை இருந்தது. எட்டடி நீளம், ஆறடி அகலம். சுவரில் ஒரு கதவு வெட்டினால் குளியலறை தயார். கழிவுக் குழியை அந்த அறையின் பின்சுவரை ஒட்டி, கிழக்கு வேலிப் பக்கமாக வெட்டலாம். குழாய்ச் செலவும் குறைவு என்றார்.

"பத்து நாளிலை முடிச்சுத் தாறன், ஐயா."

பிரதேச சபையில் அனுமதி எடுக்க வேண்டாமா என்று கேட்டேன்.

"ஒரு கக்கூசுக்கு ஆரும் பெர்மிட் எடுக்கிறவையே, ஐயா?" என்று சிரித்தார்.

அன்றிரவு ரொறன்ரோவில் இருக்கும் மகன் தொலைபேசியில் பேசினான். "அப்பா, இஞ்சை பழைய கொமட்டைக் கழட்டிப்போட்டு அதே இடத்திலை புதுசு வைக்கிறதெண்டால் நகரசபையிட்டைப் போகத் தேவையில்லை. குழாய் போற வழியை மாத்தினாலோ புதுசாய்ப் போட்டாலோ கட்டாயம் அனுமதி வேணும். அங்கை எப்பிடி?" என்று கேட்டான். எனக்குத் தெரிந்திருக்க வேண்டிய விடயம். 1915ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் பற்றி நானே எழுதியிருக்கிறேன். கொழும்பில் கொள்ளைநோய் புகுந்த 1914க்கு அடுத்த ஆண்டில் வந்த சட்டம் அது. புதிய கட்டடத்துக்கு மட்டுமன்றி, இருக்கும் கட்டடத்தில் செய்யும் மாற்றத்துக்கும் உள்ளூராட்சி மன்றத்தின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. நகர அபிவிருத்தி அதிகார சபையின் எல்லைக்குள் பிரகடனப்படுத்தப்பட்ட பகுதிகளில் 1978ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டமும் சேர்ந்துகொள்ளும். இவையெல்லாம் தெரிந்திருந்தும் மகனிடம், "இஞ்சை அப்பிடியொண்டும் இல்லையடா" என்று சொன்னேன்.

மறுநாள் அதைவிடப் பெரிய தவறொன்றைச் செய்தேன். சபையில் எனக்குத் தெரிந்த ஒருவரைத் தொலைபேசியில் அழைத்தேன். உள்ளூராட்சி மன்றங்களின் பதவிக்காலம் 2023 மார்ச்சில் முடிந்து, தேர்தல் தள்ளிப்போடப்பட்டிருந்த காலம் அது. 2025 மே மாதத்தில்தான் தேர்தல் நடந்தது. தவிசாளரும் இல்லை, உறுப்பினர்களும் இல்லை. செயலாளரின் கையிலேயே நிருவாகம் இருந்தது. நான் அழைத்தவர் எனது எழுத்துகளை வாசித்தவர். அம்மாவின் நிலைமையைக் கேட்டு மெய்யாகவே வருந்தினார். "நீங்கள் வேலையைத் தொடங்குங்கோ, ஐயா. கடதாசியளைப் பிறகு பாத்துக்கொள்ளலாம்" என்றார். கைம்மாறாக அவர் எதையும் கேட்கவில்லை. என்மேல் வைத்த மதிப்பினாற் சொன்னார். கண்ணை மூடிக்கொள்ளும் அதிகாரிகள் பற்றி நான் எழுதிய தலையங்கங்களில் இப்படியொருவர் வந்ததே இல்லை.

குழி வெட்டத் தொடங்கிய இரண்டாம் நாள் காலை, கிழக்கு வேலியின் மறுபக்கத்தில் ரீச்சர் வந்து நின்றார். அயலவர், எண்பத்து நான்கு வயது, ஊரில் அரைவாசிப் பேருக்கு எழுத்தறிவித்தவர். பிள்ளைகள் வெளிநாட்டில், தனியே இருக்கிறார். மனைவியின் சுகம் விசாரித்துவிட்டு, சற்று நேரம் மண்குவியலைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, இதுக்கும் என்ரை கிணத்துக்கும் எத்தினை அடி இருக்கும்?"

கோபமோ முறைப்பாடோ அந்தக் குரலில் இல்லை. வகுப்பில் கணக்குக் கேட்பதுபோலக் கேட்டார். என்னாற் பதில் சொல்ல முடியவில்லை. எனது கிணற்றிலிருந்து குழி எவ்வளவு தூரம் என்று மேசனிடம் கேட்டிருந்தேன். அது போதிய தூரத்தில் இருந்தது. வேலிக்கு அப்பால் ஒரு கிணறு இருக்கிறது என்பது எனது கணக்கில் வரவில்லை. மேசனின் அளவு நாடாவை வாங்கி, ஒரு முனையை ரீச்சரிடம் கொடுத்து அளந்தேன். 22 அடி.

வேலையை நிறுத்தச் சொன்னேன். மேசனுக்கு முகம் சுருங்கிவிட்டது. ஒரு நாட்கூலி போனது உண்மைதான், அதைக் கொடுத்தேன்.

குடாநாட்டில் 22 அடி என்பதன் பொருளை வெளியூரில் வாழ்பவர்கள் சற்று நினைத்துப் பார்க்க வேண்டும். எங்களுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். மழைநீர் மண்ணுக்குள் இறங்கி, அடியிலுள்ள சுண்ணாம்புக் கல்லில் தங்குவதையே இறைத்துக் குடிக்கிறோம். அந்தக் கல் வெடிப்பும் பொந்தும் நிறைந்தது. நிலாவரைக் கிணற்றைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மண் தடிப்பாக உள்ள இடத்தில் கழிவுநீர் மெல்ல வடிகட்டப்பட்டு இறங்கும். வலிகாமத்தின் பல இடங்களில் சில அடி தோண்டியதும் கல் வந்துவிடும். அங்கே கழிவுநீர் வெடிப்புகளின் வழியே வடிகட்டப்படாமல் விரைந்து சென்றுவிடும். மாரியில் நிலத்தடி நீர்மட்டம் உயரும்போது குழியின் அடியே நீரைத் தொட்டுவிடுவதும் உண்டு.

குடிநீரில் நைதரேற்று ஒரு லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். எங்கள் குடாநாட்டில் பல கிணறுகள் இந்த அளவைத் தாண்டியிருப்பதை ஆய்வாளர்கள் மீண்டும் மீண்டும் காட்டியுள்ளனர். தோட்டங்களுக்குக் கொட்டும் உரம் ஒரு காரணம். மலக்குழிகள் இன்னொரு காரணம். நைதரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தைகளுக்கு அது ஆபத்தானது. மலக்கிருமியால் வரும் வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் அதற்கு மேலதிகம்.

சுன்னாகப் பகுதிக் கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தை எவரும் மறந்திருக்க மாட்டார்கள். 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்கும்படி மின் உற்பத்தி நிறுவனமொன்றுக்கு உத்தரவிட்டது. ஓர் இடத்தில் நிலத்துக்குள் விட்டது பல வீட்டுக் கிணறுகளுக்குப் போய்ச் சேரும் என்று அப்போது நானும் எழுதினேன். எனது குழி மிகச் சிறியது என்பதைத் தவிர அதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு என்று அன்றிரவு என்னையே கேட்டுக்கொண்டேன்.

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் வந்தார். இளைஞர். வெட்டிய குழியைப் பார்த்ததும், "இது ஆர் வெட்டச் சொன்னது?" என்றார். நான்தான் என்றேன். அவர் வேறெதுவும் சொல்லவில்லை. வளவைச் சுற்றி நடந்து, எங்கள் கிணறு, ரீச்சரின் கிணறு, வடக்கு வீட்டாரின் கிணறு ஆகிய மூன்றையும் ஒரு தாளில் புள்ளியிட்டார். மேற்கு ஒழுங்கைப் பக்கமாக ஓரிடத்தைக் காட்டினார். மூன்று கிணறுகளில் இருந்தும் 60 அடிக்கு மேல்.

அதுமட்டும் போதாது என்று மேலும் சில விடயங்களை விளக்கினார். எங்கள் ஊரிற் பலர் 'செப்ரிக்' என்று சொல்லிக் கட்டுவது அடித்தளமே இல்லாத வெறுங்குழி. முதலில் அடியும் பக்கமும் நீர் கசியாதபடி பூசப்பட்ட, இரண்டு அறை கொண்ட தொட்டி வேண்டும். திண்மக் கழிவு அங்கே தங்கி மக்கும். மேலே தெளிந்து வரும் நீர் மட்டுமே உறிஞ்சு குழிக்குப் போகவேண்டும். அந்தக் குழியையும் ஆழமாக வெட்டாமல் அகலமாக வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் நிலத்தடி நீருக்குக் கிட்டப்போய்விடும். குளிக்கும் நீரையும் கை கழுவும் நீரையும் இதற்குள் விடாமல் தனிக் குழாயில் வாழைக்கு விடலாம். தொட்டிகள் கட்டுவதற்கு இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தின் 745 என்ற இலக்கமுடைய நியமம் இருப்பதாகவும் அவர் சொன்னார். கிணற்றடி வாழையை நட்ட எங்கள் முன்னோருக்கு அதில் ஒரு பகுதியாவது தெரிந்திருக்கிறது.

பின்னர் விண்ணப்பம். படிவத்தை நிரப்பும்போது சபைக் கரும பீடத்தில் இருந்தவர், காணி யாருடைய பெயரில் என்று கேட்டார். மனைவியின் சீதனம் என்றேன். "அப்ப விண்ணப்பதாரி அவதான், அவவின்ர கையெழுத்து வேணும்" என்றார். அதுவரையில் எல்லா முடிவையும் நானே எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் சாய்ந்திருந்தவாறே அவர் கையெழுத்திட்டார். என்ன என்று கேட்டார். குழிக் கதையை முழுவதும் சொன்னேன். ஒன்றும் பேசவில்லை.

உறுதியின் பிரதி, நில அளவைப் படம், ஆதனவரிப் பற்றுச்சீட்டு, படவரைஞர் வரைந்த வரைபடம் ஆகியவற்றைக் கேட்டார்கள். இவற்றை ஒரே நாளில் ஒரே பட்டியலாகத் தந்திருக்கலாம். ஒன்றைக் கொண்டுபோனபோது அடுத்தது சொல்லப்பட்டது. நான்கு தடவை போனேன். இடம்பெயர்வுகளில் உறுதியைத் தொலைத்த ஒருவர், அல்லது கூலிவேலையை விட்டு வரவேண்டிய ஒருவர், இரண்டாம் தடவையோடு திரும்பிப் போய் இரவோடிரவாகக் குழியை வெட்டிவிடுவார். அனுமதியில்லாத குழிகள் பெருகுவதில் இந்தக் கரும பீடங்களுக்கும் பங்கிருக்கிறது. கேட்கப்படும் ஆவணங்களைச் சுவரில் எழுதி ஒட்டுவதற்கு ஒரு தாளும் சிறிது பசையும் போதும். இதைச் செயலாளரிடமும் சொன்னேன்.

அனுமதி கைக்கு வர ஐந்து வாரங்கள் சென்றன. அந்த ஐந்து வாரங்களின் விலையை நான் கொடுக்கவில்லை என்பதையும் எழுத வேண்டும். மனைவி வீட்டுக்கு வந்துவிட்டார். கட்டிலருகே கொமட் கதிரை ஒன்று வைத்தோம். தனது வேட்கையையும் நோவையும் எவருக்கும் காட்டாமல் வாழ்ந்த பெண், ஒவ்வொரு தடவையும் என்னைக் கூப்பிட்டுவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஒரு நாள் எனக்குப் பொறுக்கவில்லை. "அண்டைக்கே அந்தக் குழியை முடிச்சிருந்தால் உமக்கு இந்த வில்லங்கம் இல்லை" என்றேன்.

அவர் சுவரைப் பார்த்தபடியே பதில் சொன்னார். "தொண்ணூறிலை எங்கடை கிணறு உவர்பத்திப் போனாப்பிறகு பிள்ளையளுக்கு ஆற்றை கிணத்துத் தண்ணி குடுத்தனான்? நீங்கள் அப்ப கொழும்பிலை. ரீச்சர் ஒருநாளும் படலையைப் பூட்டினதில்லை."

எனக்குத் தெரியாத விடயம் அது. போர்க்காலத்தில் எனது பிள்ளைகள் எந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை. யாழ்ப்பாணத்தின் குடிநீர்ப் பிரச்சினை பற்றி அந்த ஆண்டுகளில் நான் எழுதிய கட்டுரைகள் இன்னும் கோப்பில் இருக்கின்றன.

மாசி மாதக் கடைசியில் வேலை தொடங்கி, மூன்று வாரத்தில் முடிந்தது. குழாய் 52 அடி ஓட வேண்டியிருந்தது. நாற்பது அடிக்கு ஓரடி சரிவு என்று கணக்கிட்டால், அந்த ஓட்டத்துக்கு ஏறத்தாழ 16 அங்குலம் இறக்கம் வேண்டும். களஞ்சிய அறையின் தரை படுக்கையறையைவிட ஐந்து அங்குலம் தாழ்ந்திருந்தது. அதனை உயர்த்தியபோது படி இல்லாமற் போனது. சரிவுக்கு வேண்டிய உயரத்தில் ஒரு பகுதியும் கிடைத்தது. குழாய் அடைத்துக்கொண்டால் திறந்து பார்க்க இடையில் இரண்டு ஆய்வுக் குழிகள் வைத்தோம். முதலிற் போட்ட மதிப்பீட்டைவிடச் செலவு கூடியது உண்மை. மகன் அனுப்பினான்.

வயதானவர்களுக்காகக் குளியலறை கட்டுவோருக்கு எனது அனுபவத்தில் சில வார்த்தைகள். கதவு மூன்றடி அகலம் இருக்கட்டும். நடைச்சட்டம் பிடித்து நுழைய அது வேண்டும். கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். உள்ளே ஒருவர் விழுந்தால், உட்பக்கம் திறக்கும் கதவை அவருடைய உடலே அடைத்துவிடும். பளபளக்கும் தரை ஓடு வேண்டாம். சொரசொரப்பானது பார்வைக்கு அழகில்லை என்றாலும் வழுக்காது. கைபிடிக் கம்பியை ஓட்டின்மேல் மட்டும் பொருத்தாமல் சுவருக்குள் ஆழமாக இறக்கிப் பொருத்தச் சொல்லுங்கள்; முழுப் பாரமும் அதில்தான் தொங்கும். காற்றும் வெளிச்சமும் வெளியிலிருந்து வர ஒரு யன்னல் வையுங்கள். இவற்றையெல்லாம் சுவர் உடைக்கும் முன்னர் வரைபடத்தில் குறித்துவிடுங்கள். பின்னர் மாற்றுவதற்கு இருமடங்கு செலவாகும்.

வெளிநாட்டில் இருந்து பணம் அனுப்பும் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல விரும்புகிறேன். விடுமுறைக்கு வரும்போது தங்குவதற்காக, அறைக்கொரு குளியலறை வைத்து வீடு கட்டும் வழக்கம் இப்போது ஊரெங்கும் பரவியிருக்கிறது. கட்டுங்கள், உங்கள் உழைப்பு. நீங்கள் வாழும் நாட்டில் ஒரு குழாயை நகர்த்துவதற்கே அனுமதி எடுப்பவர்கள், ஊரில் மேசனிடம் தொலைபேசியில் 'கெதியாய் முடி' என்று மட்டும் சொல்லாதீர்கள். கிணறுகளைக் குறித்த படம் ஒன்றைக் கேளுங்கள். அதில் உங்கள் வீட்டுக் கிணறு மட்டும் இருந்தால், வேலிக்கு வெளியே உள்ளவற்றையும் குறித்து அனுப்பும்படி சொல்லுங்கள்.

வேலை முடிந்தபின் தொழில்நுட்ப உத்தியோகத்தர் வந்து வரைபடத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சில வாரங்களில் இணக்கச் சான்றிதழ் மனைவியின் பெயருக்குத் தபாலில் வந்தது. அவர் அதை மூக்குக்கண்ணாடி போட்டு முழுவதும் வாசித்தார். பின்னர் வீட்டு உறுதியோடு சேர்த்து அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

பாதியில் விட்ட நான்கு அடிக் குழியை அதே மண்ணால் நிரப்பினோம். மண் இறுகி அவ்விடம் சற்றே பள்ளமாக இருக்கிறது. மழை பெய்தால் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நின்று, பிறகு நிலத்துக்குள் இறங்கிவிடும். அது எங்கே போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும்.